ஏர் பிஸ்டல் சைட் தொல்லைகள்: எந்த அறிகுறிக்கு எந்தக் கருவி

எங்கள் ரைஃபிள் கிளப்பில் சனிக்கிழமை காலை என்றால் யாராவது ஒருவர் பிஸ்டல் பெட்டியோடு என் மேசை முன்னால் வந்து நிற்பார். "அண்ணே, சைட் போயிடுச்சு." சைட் என்றால் பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் இருக்கும், குறிபார்க்கும் பகுதி. திறந்து பார்த்தால் பெரும்பாலும் சைட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் அதற்குள் வீட்டிலேயே யாரோ திருகிப் பார்த்து, திருகின் தலையைத் தேய்த்து வைத்திருப்பார்கள். பழுதைவிட, பழுதுபார்க்கப் போய் வந்த சேதம்தான் எனக்கு அதிக வேலை வைக்கிறது. அதனால் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தொல்லைகளை அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும்: பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) உள்ளே இல்லை என்று கண்ணால் பாருங்கள், குண்டு இல்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைக் குழலில் செருகுங்கள், காற்றுச் சிலிண்டரைக் கழற்றி ஓரமாக வையுங்கள். ஒரு திருகைத் தொடுவதாக இருந்தாலும் இது மூன்றும் உண்டு.

மேசையில் இருக்க வேண்டியவை

முதலில் நல்ல திருப்புளி. நம் வீடுகளில் லைன் டெஸ்டர்தான் எல்லாவற்றுக்கும் திருப்புளி. சுவிட்ச் போர்டுக்கு அது போதும், பிஸ்டல் சைட்டுக்கு ஆகாது. டெஸ்டரின் நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள், ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். அதைத் திருகின் வெட்டில் வைத்தால் மேல் விளிம்பை மட்டும்தான் தொடும். கொஞ்சம் அழுத்தித் திருப்பினாலே எகிறி வெளியே வந்து விளிம்பைச் சிதைத்துவிடும். துப்பாக்கி வேலைக்கென்று வரும் பிட்டுகளின் நுனி இரண்டு பக்கமும் இணையாக, வெட்டின் அடிவரை போய் உட்காரும். நுனியின் அகலம் திருகுத் தலையைத் தாண்டக் கூடாது, கனம் வெட்டை நிரப்ப வேண்டும். வெட்டில் வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த பிட் வேண்டாம், அடுத்த அளவை எடுங்கள்.

அப்புறம் ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி): 1.5, 2, 2.5 மி.மீ. மூன்றும் இருந்தால் பெரும்பாலான பிஸ்டல்களுக்குப் போதும். மலிவு செட்டில் முனை சீக்கிரம் உருண்டுவிடும், உருண்ட கீ திருகையும் உருட்டிவிடும். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

ஒரு வெர்னியர் (நுண்ணளவு கருவி), நகப்பூச்சு ஒரு குப்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய பருத்தித் துணி, ஒரு நோட்டு. நோட்டைக் கேட்டால் பையன்கள் சிரிக்கிறார்கள். எத்தனை க்ளிக் (சைட் திருகைத் திருப்பும்போது 'டிக்' என்று கேட்கும் ஒவ்வொரு படி), எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று எழுதாதவர்கள் இரண்டு வாரத்தில் தொடங்கிய இடத்தையே தொலைத்துவிடுகிறார்கள்.

அறிகுறி 1: குரூப் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் நடுவில் இல்லை

குரூப் என்றால் டார்கெட் தாளில் குண்டுகள் விழுந்த கூட்டம். இதுதான் நல்ல அறிகுறி. பழுதே இல்லை, அளவு மட்டும் மாற்ற வேண்டும்.

ஒரு குண்டைப் பார்த்து சைட்டைத் தொடாதீர்கள். குறைந்தது 5 குண்டு, முடிந்தால் 10. குரூப்பின் நடுவைக் கண்ணால் மதித்துப் புள்ளி வையுங்கள், அங்கிருந்து டார்கெட்டின் நடுவுக்கு வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். 10 மீட்டர் பிஸ்டல் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஒன்பதின் விட்டம் 27.5. அதாவது ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் 8 மி.மீ. தூரம்.

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 330 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொண்டால், பின் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் 10 மீட்டரில் குண்டு 3 மி.மீ. நகரும். ஒரு முழு வளையம் மாற வேண்டுமென்றால் கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கண்ணுக்கே தெரியாத நகர்வு இது. "கொஞ்சம் திருப்பினேன் அண்ணே" என்று சொல்லும்போது எனக்கு வயிறு கலங்குவது இதனால்தான்.

உங்கள் பிஸ்டலில் ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பார்ப்பதோடு விடாமல் நீங்களே கண்டுபிடியுங்கள். 5 குண்டு சுடுங்கள், ஒரே பக்கமாக 10 க்ளிக் திருப்புங்கள், இன்னொரு 5 சுடுங்கள். இரண்டு குரூப்பின் நடுவுக்கும் இடையே 20 மி.மீ. வந்தால் ஒரு க்ளிக்குக்கு 2 மி.மீ., ஒரு வளையத்துக்கு 4 க்ளிக். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

திசையில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்த வேண்டும். முன் சைட் என்றால் நேர் எதிர். திருகின் மேல் இருக்கும் எழுத்தை நம்பி மட்டும் திருப்பாதீர்கள். ஜெர்மன் சைட்டுகளில் 'ஹெச்' என்பது மேலே, 'டி' என்பது கீழே. ஆனால் 'குண்டு மேலே விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு' என்ற பொருளில் போட்டவர்களும் உண்டு, 'குண்டு மேலே போக இந்தப் பக்கம் திருப்பு' என்று போட்டவர்களும் உண்டு. இந்த ஒரு குழப்பத்தால் இரண்டு வளையப் பிழையை நான்காக்கிக்கொண்டு வருகிறவர்கள் அநேகம். மேலே சொன்ன 10 க்ளிக் சோதனையிலேயே திசையும் தெரிந்துவிடும்.

அறிகுறி 2: நேற்று நடுவில், இன்று இடதில், நாளை எங்கேயோ

*முதலில் பார்க்க வேண்டியது (செலவு இல்லை):* முன் சைட்டின் திருகு. பின் சைட்டில்தான் க்ளிக் இருக்கிறது, அதனால் எல்லோர் கையும் அங்கேதான் போகிறது. முன் சைட்டை யாரும் கவனிப்பதில்லை.

போன வருடம் ஒரு கல்லூரிப் பெண், மாவட்டப் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது வந்தாள். குண்டு மூன்று வளையம் இடதுக்குப் போகிறது, 14 க்ளிக் திருத்தியிருக்கிறாள், அடுத்த நாள் வலதுக்குப் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. நான் முன் சைட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து மெல்லப் பக்கவாட்டில் அசைத்தேன். ஒரு மயிரிழை, 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான் நோய். 2 மி.மீ. ஆலன் கீயால் அரைத் திருப்பு. பிறகு அந்த 14 க்ளிக்கையும் திரும்ப எடுக்க வைத்தேன். நல்லவேளை, அவள் எழுதி வைத்திருந்தாள்.

திருகை இறுக்கியதும் தலையிலிருந்து உடல்வரை நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும். திருகுப் பசை போடுவதானால் சின்னத் திருகுகளுக்கான ஊதா நிறப் பசை, அதுவும் ஒரு துளியில் பாதி. சிவப்பு நிறத்தைக் கிட்டே கொண்டுவராதீர்கள், பிறகு நன்றாகச் சூடேற்றாமல் கழற்ற முடியாது. க்ளிக் திருகில் எந்தப் பசையும் கூடாது.

*அடுத்து:* க்ரிப்பை, அதாவது மரக் கைப்பிடியை, பிடித்திருக்கும் திருகு. மரம் நம் ஊர் மழைக்காலத்தில் ஒரு மாதிரியும் மே மாதத்தில் ஒரு மாதிரியும் இருக்கும். க்ரிப் தளர்ந்தால் பிஸ்டல் கையில் உட்காரும் கோணம் மாறிவிடும். இறுக்கும்போது மரம் முனகும் அளவுக்கு இறுக்காதீர்கள், வெடித்துவிடும்.

*அடுத்து:* பெல்லட். டப்பாவைக் கீழே போட்டிருந்தால் பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கிய பெல்லட்டுகள் கலந்திருக்கும். வேறு டப்பா, வேறு பிராண்ட் என்றால் குரூப் நகர்வது இயல்பு. இதற்குச் சைட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

*அடுத்து:* நீங்கள். இதைச் சொன்னால் வருத்தப்படுகிறார்கள், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். வலது கைக்காரர் ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்தால் குண்டு கீழே இடதில் விழும். பிஸ்டலைச் சாய்த்துப் பிடித்தால் சாய்ந்த பக்கமே போகும். சோதனை எளிது: மணல் மூட்டை மேல் கையைத் தாங்கலாக வைத்து 10 குண்டு சுடுங்கள், அப்புறம் அதே பிஸ்டலை அனுபவமுள்ள இன்னொருவரிடம் கொடுங்கள். இரண்டிலும் குரூப் ஒரே இடத்தில் இறுக்கமாக வந்தால் சைட்டுக்கு ஒன்றுமில்லை. கோச்சிடம் போங்கள், என்னிடம் வர வேண்டாம்.

*எப்போது நிபுணரிடம்:* எல்லாம் இறுக்கமாக இருந்தும், தாங்கல் வைத்தும், இரண்டு வகை பெல்லட்டிலும் குரூப் சிதறினால் குழல் பொருத்தத்திலோ, காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலோ கோளாறு. அது வீட்டு வேலை அல்ல.

அறிகுறி 3: க்ளிக் கேட்கிறது, குண்டு நகரவில்லை

அல்லது இரண்டு க்ளிக்குக்கு ஒன்றுமே ஆகாமல் மூன்றாவதில் ஒரேயடியாகக் குதிக்கிறது.

பெரும்பாலும் இது திருகுக்கும் சைட்டுக்கும் இடையே உள்ள தளர்ச்சி. கருவியே வேண்டாம், பழக்கம் போதும். எப்போதும் ஒரே திசையில் வந்து முடியுங்கள். நான்கு க்ளிக் பின்னால் போக வேண்டுமென்றால் ஏழு போய், மூன்று திரும்பி வாருங்கள்.

அதிலும் சரியாகவில்லையென்றால் அழுக்கு. பெல்லட்டின் ஈயத்தூளும் எண்ணெயும் சேர்ந்து களிமண் மாதிரி பின் சைட்டுக்கு அடியில் படிந்து, ஸ்பிரிங் சைட்டைத் தள்ளவிடாமல் செய்யும். ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். மேலே மேலே எண்ணெய் விடுவதுதான் இந்த நிலைமைக்கே காரணம், இன்னும் விடாதீர்கள். ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும் ரேஞ்சில் இதை நான் தினமும் சொல்கிறேன்.

மூன்றாவது, ஸ்பிரிங் சோர்ந்துபோவது. பின் சைட்டை விரலால் அழுத்தி விட்டால் சட்டென்று மேலே வர வேண்டும். மந்தமாக வந்தால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டுப் பார்த்தவர்களையும் சந்தித்திருக்கிறேன். அதன் விசை வேறு, ஒத்துவராது. ஸ்பிரிங்கும் சின்னக் குண்டுமணியும் இருக்கும் சைட்டைக் கழற்றுவதானால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுக் கழற்றுங்கள். தெறித்தால் பைக்குள்ளேயே கிடக்கும்.

க்ளிக் சத்தமே இல்லாமல் திருகு சும்மா சுற்றினால் மரை போய்விட்டது. நிறுத்திவிட்டு நிபுணரிடம் கொடுங்கள்.

அறிகுறி 4: சைட் கடைசிவரை போய்விட்டது, இன்னும் குண்டு நடுவுக்கு வரவில்லை

முட்டி நிற்கும் திருகை இன்னும் ஒரு திருப்பு முயலாதீர்கள்.

மேலும் கீழும் என்றால், முதலில் குறிவைக்கும் இடத்தை யோசியுங்கள். கறுப்புக்குக் கீழே வெள்ளையில் குறிவைப்பவருக்கும், கறுப்பின் விளிம்பில் குறிவைப்பவருக்கும் சைட் உயரம் வேறு. கறுப்பின் விட்டமே 59.5 மி.மீ., அதனால் குறி சிறிது மாறினாலும் க்ளிக் கணக்கு எங்கோ போய்விடும். கிளப் பிஸ்டலைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். குறி சரியாக இருந்தும் எல்லை போதவில்லை என்றால், பல மாடல்களுக்கு வேறு உயரத்தில் முன் சைட் கிடைக்கும். முன் சைட் உயரமானால் குண்டு கீழே போகும், தாழ்ந்தால் மேலே போகும். எவ்வளவு வேண்டும் என்பதற்கு அதே 30 மடங்குக் கணக்கு: குண்டு 15 மி.மீ. நகர வேண்டுமென்றால் அரை மில்லிமீட்டர் வித்தியாசமுள்ள முன் சைட். அரத்தை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். தேய்த்த உலோகம் திரும்ப வராது, மேல் விளிம்பும் கோணலாகும்.

இடதும் வலதும் எல்லை தாண்டினால் முன் சைட் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். இல்லையென்றால் பிஸ்டல் எப்போதோ கீழே விழுந்திருக்கிறது. விழுந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், பழுதுபார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். குழல் வளைந்திருக்கிறதா என்பதை அவர்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி 5: குண்டுகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில்

சிலிண்டரின் அழுத்தமானியைப் பாருங்கள். 200 பாரில் தொடங்கி, கையேடு சொல்லும் கீழ் எல்லைக்கு வந்துவிட்டால் வேகம் குறைந்து குண்டுகள் வரிசையாகக் கீழே இறங்கும். காற்று நிரப்பியதும் சரியாகிவிட்டால் கதை முடிந்தது. நிரப்பிய பிறகும் கோடு விழுந்தால் மணிக்கட்டும் மூச்சும் காரணமா என்று தாங்கல் வைத்துப் பாருங்கள். அதிலும் விழுந்தால் ரெகுலேட்டர்.

காற்றுப் பகுதியில் ஒரு திருகையும் நீங்கள் தொடக் கூடாது. நான் பதினோரு வருடமாகச் சைட்டைக் கழற்றி மாட்டுகிறேன், சிலிண்டர் வால்வைத் திறந்ததில்லை. சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியையும் பாருங்கள். அதிகபட்சம் 10 வருடம்தான், தாண்டியதைப் போட்டியிலும் பயன்படுத்தக் கூடாது.

அறிகுறி 6: சைட்டே தெளிவாகத் தெரியவில்லை

முன் சைட் மினுக்குகிறதா, மங்குகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

*மினுக்கினால்:* கறுப்புப் பூச்சு தேய்ந்து உலோகம் பளபளக்கிறது. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் ஒரு விளிம்பு கரைந்த மாதிரி இருக்கும், கண் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் நடுவில் வைக்கும். சைட் கறுப்பாக்கும் ஸ்ப்ரே கிடைக்கிறது. எனக்குப் பிடித்தது கற்பூரம். முன் சைட்டைத் தனியாகக் கழற்றி எடுங்கள். சிலிண்டரும் பிஸ்டலும் வேறு அறையில் இருக்கட்டும். ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அந்தப் புட்டியையும் மூடி அப்புறப்படுத்திவிட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு இடுக்கியால் பிடித்து, ஒரு வில்லைக் கற்பூரத்தின் புகை நுனியில் இரண்டு முறை இப்படியும் அப்படியும் காட்டுங்கள். கண் மை மாதிரி வெல்வெட் கறுப்பு படியும், எந்த வெளிச்சத்திலும் மினுக்காது. விரல் பட்டால் போய்விடும், அதனால் மாட்டும்போது பக்கத்தைத் தொடாமல் அடியைப் பிடியுங்கள்.

*மங்கினால்:* டார்கெட் மங்கலாகத் தெரிவது சரிதான், அப்படித்தான் தெரிய வேண்டும். முன் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு முன் சைட்டே மங்கும். எந்த ஆலன் கீயும் இதைச் சரிசெய்யாது. கண் மருத்துவரிடம் போங்கள், பிஸ்டலை நீட்டிப் பிடிக்கும்போது முன் சைட் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்று டேப்பால் அளந்து அவரிடம் சொல்லுங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும். தூரப் பார்வைக்கான பவரோடு 0.5 டயாப்டர் கூட்டினாலே பலருக்கு முன் சைட் தெளிந்துவிடுகிறது. வாசிக்கும் கண்ணாடியைப் போட்டுச் சுடுவதைப் பார்க்கிறேன், அதன் பவர் மிக அதிகம்.

*இரண்டு பக்க வெளிச்சக் கோடும் பிடிபடவில்லையா:* பின் சைட்டின் வெட்டுக்குள் முன் சைட்டின் இரண்டு பக்கமும் தெரியும் வெளிச்சம்தான் இந்தக் கோடு. அந்த வெட்டின் அகலத்தைச் சோதியுங்கள். அகலம் மாற்றக்கூடிய சைட் என்றால் ஒரு சின்னத் தந்திரம்: துளைபோடும் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியை அளவுகோலாக வெட்டில் வைத்துப் பாருங்கள், 3.5, 4 மி.மீ. என்று சட்டென்று தெரிந்துவிடும். புதிதாகச் சுடுகிறவர்களுக்குக் கோடு சற்று அகலமாகவே இருக்கட்டும். குறுக்கினால் துல்லியம் கூடும் என்று தோன்றும், ஆனால் கை ஆடும்போது கோடு மறைந்து மறைந்து வரும், கண் அதைத் துரத்தியே களைத்துவிடும்.

அறிகுறி 7: திருகின் தலை தேய்ந்துவிட்டது

நிறுத்துங்கள். மூச்சு விடுங்கள். இனி ஒவ்வொரு தப்பான முயற்சிக்கும் விலை கூடும்.

முதலில், வெட்டை நிரப்பும் சரியான பிட்டை நேராக அழுத்திக்கொண்டு ஒரே சீராகத் திருப்புங்கள். வழுக்கினால் பிட் நுனியில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் ஒரு பொட்டு. பைக் மெக்கானிக்கிடம் கேட்டால் கொடுப்பார். அதிலுள்ள துகள் பிடிமானம் தரும், வேலை முடிந்ததும் ஒரு துகள் மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள். பசை போட்டு இறுகிய திருகு என்றால் சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகுத் தலையில் மட்டும் கொஞ்ச நேரம் வையுங்கள், பிறகு திருப்புங்கள். பிளாஸ்டிக்கோ ரப்பர் வளையமோ பக்கத்தில் இருந்தால் இந்த வழி வேண்டாம்.

இரண்டு முயற்சிக்கும் வரவில்லையென்றால் நிபுணர்தான். துளைபோட்டு எடுக்கும் வேலையை ட்ரில் பிரஸ் இல்லாமல் கையால் செய்து சைட் அடியையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. திருகு சில்லறைக் காசு, சைட் முழுதாக வாங்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

போட்டிக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு சைட் திருகிலும் ஒரு உபரி, பொருத்தமான பிட், கீ எல்லாம் ஒரு சின்னப் பையில் வைத்திருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டல் பழுதானது. விலைமதிப்பில்லாத நிமிடங்கள் போய், 575 புள்ளியோடு 12ஆம் இடத்தில் நின்றார். 2024இல் பாரிஸில் அதே 10 மீட்டர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். அன்று பழுதானது சைட் அல்ல, ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்த பிறகுதான் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் பை கட்டிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

திருகே இல்லாத சைட்

தோட்டா போடும் பிஸ்டல்கள் பலவற்றில் சைட் ஒரு பள்ளத்தில் இறுக்கி அடித்து உட்கார்த்தப்பட்டிருக்கும். லைசென்ஸ் உள்ளவர்கள் சிலர் "சுத்தியலால் தட்டினால் போதுமா" என்று கேட்கிறார்கள். இரும்பு உளியால் தட்டினால் சைட்டில் தழும்பு விழும், சைட் உட்கார்ந்திருக்கும் ஸ்லைடும் (பிஸ்டலின் மேல்பகுதி) கெடும். பித்தளைப் பஞ்ச் (தட்டித் தள்ளும் குச்சி), மரையேறிய திருகால் மெல்லத் தள்ளும் சைட் புஷர் என்ற கருவி, ஸ்லைடை அசையாமல் பிடிக்கும் வைஸ், மூன்றும் வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை செய்யும் வேலைக்கு இவற்றை வாங்க வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது சுட்ட டார்கெட் தாளையும் கூடவே கொடுங்கள். எத்தனை மீட்டர், எந்தத் தோட்டா, எங்கே குறிவைத்தீர்கள் என்று தாளின் மூலையில் எழுதுங்கள். சைட்டை நகர்த்துவதற்கு முன் பழைய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.